அரிசித் தகரத்தில் நீல முட்டை

முதல் நீல முட்டையை அரிசித் தகரத்துக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் வந்ததையும் அதன் பக்கத்திலேயே புதைத்தேன். ஒரு வாரத்தில் தகரத்தில் அரிசியைவிட முட்டைதான் அதிகம் இருக்கிறதோ என்று பயம் வந்துவிட்டது. உண்மையில் இருந்தவை ஆறுதான். நான் பயந்துவிட்டால் எதுவும் இரண்டு மடங்காகத் தெரியும்.

காடை முட்டை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிறிய மஞ்சள் ஓட்டின் மேல் காப்பிக் கொட்டை நிறத்தில் திட்டும் புள்ளியுமாக இருக்கும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்று நாள் அடைமழை விட்ட பிறகு மஞ்சூருக்கு மேற்கே மலைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் மட்டும் ஒரு வெளிர் நீலம் தெரியுமே, அந்த நிறம். கூண்டிலிருந்து எடுத்தபோது இளஞ்சூடாக இருந்தது. எவ்வளவு அழகு என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, நோய் என்று நினைத்தேன். அதன் பிறகு நோய் என்று மட்டும்தான் நினைத்தேன்.

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். மஞ்சூருக்கு மேலே ஒரு லயத்தில், பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வரிசையில், கடைசி வீடு எங்களுடையது. என் கணவருக்கு ஃபேக்டரியில் இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையர் வேலை. சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி அது. முன்பெல்லாம் இரவு பகல் பார்க்காமல் ஓடிய இடம், அந்த வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினால் பெரிது. இலையை விற்று வரும் காசு கிள்ளுகிற கூலிக்குக்கூடக் காணாது என்று பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. லயத்து ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். போனவர்கள் தீபாவளிக்கு வந்தார்கள், அடுத்த தீபாவளிக்கு வரவில்லை.

என் கணவரும் பரணிலிருந்து ஒரு காக்கிக் கித்தான் பையை இறக்கினார். அறுந்திருந்த பிடியைச் சணல் நூலால் தைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போய்விட்டால் வீட்டில் நானும் என் பயமும்தான் மிச்சம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பை ஆடும். நான் கதவை மெதுவாகத் திறக்கப் பழகிக்கொண்டேன்.

காடைகள் வந்தது அப்போதுதான். மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு காடைப் பண்ணையில் என் தம்பி வேலை பார்த்தான். தேறாது என்று ஒதுக்கிப் போட்ட நோஞ்சான் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பாதி செத்துப்போகும் என்றான். நான் அவற்றைச் சாகவிடவில்லை. பின்கட்டில் குண்டு பல்பைத் தாழக் கட்டித் தொங்கவிட்டு, சாக்குப் போர்த்தி, அரை மணிக்கு ஒரு தரம் மூச்சு இருக்கிறதா என்று விரலை நீட்டிப் பார்த்து வளர்த்தேன். கவலைப்படுகிறவர்களுக்கு ஏற்ற பிராணி அது. இருபத்திரண்டு பெட்டைகள் முட்டைக்கு வந்தன.

முட்டைகள் மலையிறங்கி, கரண்ட் ஆபீஸ்காரர்கள் குடியிருக்கும் கேம்புக்குப் போயின. அங்கே மெஸ் நடத்தும் ஓர் அம்மா எடுத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. வாரத்தில் மூன்று நாள், பிஸ்கட் டின்னில் காய்ந்த புல் பரப்பி முட்டையை அடுக்கி, காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். சாயங்கால பஸ்ஸில் காலி டின் வரும். மலையில் மருந்து, பத்திரிகை, கல்யாணப் பந்தலுக்குக் குருத்தோலை எல்லாம் அப்படித்தான் வரும், போகும். அந்த டின் போய்வர ஆரம்பித்த பிறகுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

“மெஸ்ஸுக்காரம்மா ஆர்டர் நின்னு புடிச்சா நான் போகல. நிக்காட்டி ஆடி கழியவும் கெளம்புறேன்.”

ஆகவே எனக்கு இருபத்திரண்டு காடைகளின் உடம்பும் அவர் உடம்பு மாதிரி ஆகிவிட்டது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எங்கள் டீச்சர் பெயர் எழுதாத நோட்டைக்கூட எழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார். அது எனக்கு அப்போது பெரிய மந்திரமாகத் தெரிந்தது. காடைகளிடம் எனக்கு அந்த மந்திரம் வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டைக்கும் ஒவ்வொரு கையெழுத்து. ஒருத்தி கடுகு தாளித்த மாதிரி பொடிப் பொடியாகப் போடுவாள். ஒருத்தி மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரே திட்டு. ஒருத்திக்கு முட்டையின் ஒரு பக்கம் மட்டும் புள்ளி, மறுபக்கம் எழுதச் சோம்பல். இன்றைக்குப் போட்ட மாதிரியேதான் நாளைக்கும் போடுவாள். டின்னில் அடுக்கும்போதே யார் வந்தாள், யார் வரவில்லை என்று தெரியும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வெற்று நோட்டு வந்தால் பயமாக இருக்காதா?

காடை சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் முட்டையிடும். இரண்டு நாள் கூண்டு முன்னால் குந்தியிருந்து ஆளைக் கண்டுபிடித்தேன். ஜன்னல் ஓரத்துக் கூண்டில் இருந்த கால் விரல் கோணலானவள். குஞ்சில் எல்லாவற்றிலும் சிறியது. அவள்தான் எழுந்து, உடம்பை ஒருமுறை உலுக்கி, நீலத்தை வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி தீவனம் பொறுக்கப் போனாள்.

கால்நடை டாக்டரிடம் காட்டப் பயம். ஒன்றுக்கு நோய் என்றால் எல்லாவற்றையும் குழியில் தள்ளி மூடிவிடுவார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது எனக்கு மறக்கவில்லை. கணவரிடம் சொல்லவும் பயம். அவர் ஆணியைப் பார்ப்பார். தூக்கிப் போடவும் மனசில்லை. விஷமா என்று தெரிந்துகொள்ள, ஒன்றை வேகவைத்து நானே சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பிடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போய் என் மதினியிடம், “ரேஷன் கார்டு சாமி படத்துக்குப் பின்னால இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மதினி என் கணவரின் அக்கா. கொழுந்து கிள்ளும் வேலை. வாய் கொஞ்சம் நீளம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முட்டை வழக்கமான ருசியில்தான் இருந்தது. உப்பு மட்டும் போட மறந்திருந்தேன். அன்று முழுக்க வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ரேஷன் கார்டு விஷயம் மதினிக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, அரிசி ஒரு படி வேண்டும் என்று வந்தாள். நான் எழுவதற்குள் தானே தகரத்துக்குள் கையை விட்டாள். கை அப்படியே நின்றது.

“ஏ புள்ள. என்னாடி இது அரிசிக்குள்ள?”

“ஒண்ணுமில்ல மதினி.”

“ஒண்ணுமில்லாதது ஏன் உருண்டையா இருக்கு?” வெளியே எடுத்துப் பார்த்தாள். “பாம்பு முட்டையா? பாம்ப வேற வளக்கிறியா நீயி?”

“காடை முட்டைதான் மதினி. கொஞ்சம் நெறம் மாறி வருது.”

“கொஞ்சமா? தொவைக்கிற நீலத்துல முக்கி எடுத்தாப்புல இருக்கு. அந்தப் பயலுக்குத் தெரியுமா?”

அந்தப் பயல் அதற்குள் வாசலில் நின்றிருந்தார். ஃபேக்டரி ஓடாத நாட்களில் அவருக்குப் போக இடமில்லை. ரோடு வரை போவார், திரும்பி வருவார். மதினி முட்டையை அவர் கையில் வைத்தாள்.

“இந்தா. ஒம் பொண்டாட்டி ஒளிச்சு வச்சிருக்கிற பொதையலு.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். டிரையரிலிருந்து விழுகிற தூளை உள்ளங்கையில் அள்ளிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. பல மாதங்களாக அந்தப் பார்வையை நான் பார்க்கவில்லை.

“இது நோயில்ல. வேகாத சரக்கு.”

“என்னாது?”

“எலை எப்பிடி வருது? பச்சையா வருது. நசுங்கிக் காத்துப் பட்டா செம்பு நெறம். டிரையர்ல சூடு ஏறினா கருப்பு. சூடு பத்தலேன்னா? பச்சை வாடையோட அரைகுறையா வெளிய வரும். இதுவும் அதேதான். உள்ளுக்குள்ள நெறம் புடிக்கிறதுக்கு முன்னாடியே வெளிய வந்துருச்சு.”

“மத்ததுக்கெல்லாமும் அதே குளிருதானே?” என்றேன்.

“டிரையர்லயும் ஓரத்துல விழுகுற எலைக்குச் சூடு பத்தாது. இவ எங்கிட்டு இருக்கா? ஜன்னலோரத்துல. பாத்துக்க.”

மதினி அரிசியை முந்தானையில் வாங்கிக்கொண்டு, “முட்டைக்கும் டிரையர் போடுறானாம். இன்னும் நாலு மாசம் ஃபேக்டரி ஓடாம இருந்தா என்னையும் வறுத்துருவான்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. ஆனால் தவறென்று சொல்ல நான் யார்? அவர் பதினெட்டு வருஷம் நிறத்தைப் பார்த்துச் சூடு வைத்தவர். ஃபேக்டரிக்குப் பின்னால் கிடந்த பழைய தகரக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்தார். கூண்டு அடுக்குக்குப் பக்கத்தில் மண்ணால் ஓர் அடுப்பு போட்டார். அதிலிருந்து குழாய் கூண்டுகளுக்கு அடியில் ஓடிக் கூரைக்கு மேலே போய்ப் புகையை விட்டது. சுற்றிலும் இரட்டைச் சாக்கு. ஒன்றரை நாள் வேலை. இடையில் சாப்பிடக் கூப்பிட்டால் “இரு புள்ள” என்றார். அந்த “இரு புள்ள”யைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஃபேக்டரி நன்றாக ஓடிய நாளில் அப்படித்தான் சொல்வார். சீழ்க்கை அடித்தார். புறங்கையைச் சாக்குக்குள் விட்டுச் சூடு பார்த்து, விறகை ஒன்று இழுப்பார், ஒன்று தள்ளுவார். வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டை பையை மூடிக்கொண்டது.

நான் காடைகளைப் பார்த்தேன். வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தண்ணீர் இரண்டு மடங்கு போயிற்று. கோணல் விரல்காரி அதே நீலத்தை இட்டாள். அவர் தினமும் சாயங்காலம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “முந்தாநேத்தைக்கு இது தேவல. கொஞ்சம் நெறம் புடிக்கிது” என்பார். எனக்கு ஒன்றும் பிடித்ததாகத் தெரியவில்லை. “ஆமாங்க” என்பேன். கடுகுக்காரியின் முட்டை சாம்பல் பூசிய மாதிரி வெளுத்து வந்தது. மைக்கூடு கவிழ்த்தவளும் வெளுத்தாள். நோய் பரவுகிறது என்று நினைத்தேன். டின்னில் அடுக்கும்போது ஒரு முட்டை கையிலேயே நொறுங்கியது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். வெளுத்தவற்றைக் கீழே வைத்து, புள்ளி நன்றாக இருந்தவற்றை மேலே அடுக்கி அனுப்பினேன். நீலத்தை மட்டும் அனுப்பவேயில்லை.

பத்தாவது நாள் காலி டின்னைக் கொடுக்கும்போது கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். அவர் காரமடைப் பக்கத்துக்காரர்.

“ஏனுங்க அக்கா, மெஸ்ஸம்மா உங்களை ஒருக்கா நேருல வரச் சொன்னாங்க.”

“எதுக்குன்னு சொன்னாங்களா?”

“முட்டை விசயம்னாங்க. மொகம் செரியில்லீங்க.”

“யாரு மொகம்?”

“அவீங்க மொகந்தானுங்க. என்ற மொகம் எப்பவும் இப்படித்தானே இருக்குது.”

அன்று நான் சாப்பிடவில்லை. எப்படியோ ஒரு நீல முட்டை டின்னுக்குள் போய்விட்டது, அதைச் சாப்பிட்டு யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கணவரிடம், தையல் கடைக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். மறுநாள் காலை இரண்டு நீல முட்டைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். பிடிபட்டால் மறைக்கக் கூடாது, உண்மையைக் காட்டிவிட வேண்டும் என்று எண்ணம். கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மடியைப் பிடித்துக்கொண்டேன். முட்டைக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

மெஸ் அம்மா பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு வாளித் தண்ணீர், பக்கத்தில் ஓடு நிறைந்த இன்னொரு வாளி. ஐம்பது வயதிருக்கும். உரித்த முட்டையெல்லாம் மல்லிகை மொட்டு மாதிரி குண்டாவில் மிதந்தன. சாயங்காலம் மசாலாவில் பிரட்டி விற்பாராம். நான் யார் என்று சொன்னதும், “உக்காருங்க அம்மிணி” என்றார். நான் உட்காராமல், முதல் நீல முட்டையிலிருந்து அரிசித் தகரம், ரேஷன் கார்டு வரை ஒரே மூச்சில் சொல்லிக் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

“அட, நல்லாத்தானே இருக்குது. இதை ஏன் எனக்கு அனுப்பாமப் போனீங்க?”

“நோயாக்கும்னு...”

அவர் அதை முக்காலி விளிம்பில் தட்டிக் கிண்ணத்தில் உடைத்தார். மஞ்சள் கரு திரண்டு நின்றது. “உள்ள என்ன நீலமாவா இருக்குது? புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க. என்ற மெஸ்ஸுல ஓட்டோட யாரு திங்கறாங்க?”

நான் குண்டாவைப் பார்த்தேன். அத்தனையும் ஒரே வெள்ளை. கடுகுக்காரி எது, மைக்கூடு எது என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் நான் ஒளித்தது, வெளுத்ததைக் கீழே வைத்துப் புள்ளியை மேலே அடுக்கியது எல்லாம் அந்த ஓட்டு வாளிக்குள் கிடந்தது.

“நான் கூப்பிட்டது அதுக்கில்லீங்க” என்றார். மேடைக்கடியிலிருந்து ஒரு பாத்திரத்தை இழுத்துக் காட்டினார். உடைந்து ஒழுகிய முட்டைகள். “ஒரு வாரமா ஓடு வெங்காயத் தோலாட்டம் வருது. பாதி பஸ்ஸுலயே ஒடைஞ்சு போயிருது. மீதி கொதிக்கறப்ப வாயைப் பொளக்குது. இன்னொரு வாரம் பாக்கறேன். இப்பிடியே வந்துதுன்னா நான் காரமடையில வேற ஆளுகிட்டச் சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க. காடைய என்ன பண்ணுனீங்க?”

“குளுருதுன்னு... அடியில அடுப்பு போட்டோம்.”

“அடுப்பா?” அவர் உரிப்பதை நிறுத்திவிட்டார். “எங்கூருல சித்திரை வெயில்ல கோழிக இப்படித்தான் தோலாட்டம் இடும். வெயில் இல்லாத ஊருல இருந்துக்கிட்டு வெயிலை நீங்களே செஞ்சுட்டீங்களா?”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது வாளியிலிருந்த ஓடுகளை ஒரு பாலித்தீன் கவரில் கொட்டிக் கொடுத்தார். காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலந்து போடுங்கள், ஓடு கெட்டிப்படும், இங்கே குப்பையில்தான் போகிறது என்றார். மீதி ஒரு நீல முட்டையை, பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ் மேலே ஏறும்போது கவர் மடியில் சரசரத்தது. இப்போது என்ன செய்வது? அடுப்பை அணை என்று சொன்னால் ஆர்டர் பிழைக்கும். ஆனால் அந்த அடுப்புதான் அவரைப் பிழைக்க வைத்திருந்தது. சீழ்க்கை நின்றுவிடும், சட்டையை எடுத்தால் பை தெரியும். சொல்லாமல் விட்டால் ஒரு வாரத்தில் ஆர்டர் போகும், அப்போதும் பைதான். அவர் வெளியே போகிற நேரம் பார்த்து விறகை இழுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். புறங்கையாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தபோது அடுப்பு முன்னால் குந்தியிருந்தார்.

“தையக்கடை தெறந்திருந்துச்சா?”

“ம்.”

“இங்க வந்து பாரு. இன்னிக்கு ஓரத்துல லேசா ஒரு புள்ளி மாதிரி தெரியுது.”

பார்த்தேன். சாக்குத் தூசி. நான் ஜன்னலைத் திறந்தேன். அவர் எழுந்து சாத்தினார். திரும்பத் திறந்தேன். “என்னா புள்ள?” என்றார். கூண்டுக்குள் கைவிட்டு மைக்கூட்டுக்காரி அப்போதுதான் இட்ட முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பழக்கத்தில் விரலை மூடி லேசாக அழுத்திப் பார்த்தார். தூளை அப்படித்தான் அழுத்துவார். ஓடு நொறுங்கி, மஞ்சள் விரலிடுக்கில் வழிந்தது.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாக்கை விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் காடைகளைப் பார்த்தார். பத்து நாளாக நிறத்தை மட்டும் பார்த்தவர், முதல் தடவையாக அவற்றைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“ஓவர் ஃபயர்” என்றார் மெதுவாக.

சூடு அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். ஃபேக்டரியில் அது ஒரு டிரையர்காரரை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்கும் சொல். நான் யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தையல் கடை பொய், உடைந்த முட்டைகள், ஒரு வாரத் தவணை. அவர் அடுப்பிலிருந்து விறகை ஒவ்வொன்றாக இழுத்துத் தண்ணீர் தெளித்தார். புகை வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதவுப் பக்கம் பார்த்தார்.

அவர் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லலாமா தெரியாது. பயம் அளவுக்கு மேல் போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

“என்னாங்க, டிரையருக்கு வர்றதுக்கு முன்னாடி ஃபேக்டரியில எங்க நின்னீங்க?”

“வாட்டுற தொட்டியில. எதுக்கு?”

“அங்க எவ்வளவு சூடு வைப்பீங்க?”

“அங்க சூடெல்லாம் கெடையாது. இளங்காத்துதான். மழை நாள்ல மட்டும் கொஞ்சம் வெதுவெதுன்னு விடுவோம். எலை வாடணும், வேகக் கூடாது. கை வச்சா...” பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். “வாட்டம்” என்றார்.

“ஆமாங்க. நமக்கு டிரையர் வேணாம்.”

அவர் எழுந்துவிட்டார். இரட்டைச் சாக்கில் ஒன்றை உருவினார். கூண்டுக்கு அடியில் ஓடிய குழாயைப் பிடுங்கி, எதிர்ச் சுவரை ஒட்டித் தள்ளி வைத்தார். விடியற்காலைக் குளிருக்கு மட்டும் நாலு சுள்ளி, அதுவும் வெயில் வந்ததும் அணைத்துவிட வேண்டும். ஜன்னலின் மேல்பாதியைத் திறந்து வைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். “இரு புள்ள” என்றார்.

அந்த வாரம் நான் கும்பிடாத சாமி இல்லை. ஓட்டைக் காயவைத்து அம்மியில் பொடித்துத் தீவனத்தில் கலந்தேன். மூன்றாம் நாள் காடைகள் வாயை மூடின. ஐந்தாம் நாள் கடுகுக்காரியின் முட்டையில் கடுகு திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும், காணாமல் போன நோட்டு கிடைத்த பிள்ளை மாதிரி எழுந்து நின்றேன். நீலத்தையும் சேர்த்தே அடுக்கி அனுப்பினேன். காலி டின்னோடு மெஸ்ஸிலிருந்து ஓடும் கவரில் வர ஆரம்பித்தது. வாரம் முடிந்த சாயங்காலம் கண்டக்டர் படியில் நின்றபடியே டின்னை நீட்டினார்.

“அக்கா, மொகம் செரியாயிருச்சுங்க.”

அதற்கும் பின்னால்தான், தைரியம் வந்து, கால்நடை டாக்டரிடம் கேட்டேன். சில பெட்டைகளுக்குப் பிறவியே அப்படி அம்மா, தாய் தகப்பன் ரெண்டு பக்கமும் இருந்து வரணும், நோய் இல்லை என்றார். மற்றவை வெளுத்தது சூட்டிலும் பயத்திலும் என்றார். காடைக்கும் பயந்தால் நிறம் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். அன்றிலிருந்து எனக்கு அவற்றின் மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் கூடிவிட்டது.

ஆடி வந்தது. மழை இறங்கியது. அவர் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, போகாததைப் பற்றியும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நினைவு வந்துவிடுமோ என்று பயம். ஆடி கழிந்த மறுநாள் காலை எழுந்து பார்த்தால் பக்கத்தில் அவர் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணி வெறுமையாக இருந்தது.

கொடியில் பார்த்தேன். அவருடைய மூன்று சட்டைகளும் தொங்கின. ஸ்வெட்டரும் இருந்தது. சட்டை இல்லாமல் யாராவது திருப்பூர் போவார்களா? போனாலும் போவார், அவசரத்தில் மறந்திருப்பார் என்று என் மனசு சொன்னது. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினேன். வழியில் மதினி கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள்.

“எங்க புள்ள ஓடுற, வீடு பத்திக்கிச்சா?”

“அவரு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு மதினி.”

“போயிட்டானா? அங்க நிக்கிறான் பாரு, மரம் மாதிரி.”

பஸ் நிற்கும் இடத்தில், மஞ்சு மூட்டத்துக்குள் நின்றிருந்தார். பனியன், லுங்கி, தலையில் துண்டு. ஒரு கையில் பிஸ்கட் டின், மறு கையில் காக்கிப் பை. பஸ் வந்தது. இரண்டையும் கண்டக்டரிடம் கொடுத்தார்.

“இந்த ஓட்டுக்குப் பாலித்தீன் கவர் தாங்கல. கிழிஞ்சு பஸ்ஸெல்லாம் கொட்டுது. மெஸ்ஸுக்காரம்மாவ இதுல போட்டு அனுப்பச் சொல்லுங்க. புடி கெட்டியாத் தைச்சிருக்கேன்.”

பஸ் போனது. திரும்பினார். என்னைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார்.

“என்னா புள்ள?”

“ஒண்ணுமில்ல.”

சாயங்காலம் பை திரும்பி வந்தது. முற்றத்தில் சாக்கை விரித்து ஓட்டைக் கொட்டினோம். மஞ்சளும் பழுப்புமான குவியலில் அங்கங்கே நீலச் சில்லுகள். அவர் ஒன்றைப் பொறுக்கி, கட்டை விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கொதிக்க வச்சும் நெறம் புடிக்கல பாரு” என்றார்.